சடையனுக்குச் சொல்ல வேண்டியது

வேங்கிக்கால்,
20.7.2025

அன்பு மகள் நந்தினிக்கு அப்பா எழுதுவது. நலம். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் காகிதம்.

சயாம் ரயில் பாதையில் செத்தவர்களுக்கு ஜப்பானில் நீ இருக்கிற நகோயாவில் அஞ்சலிக் கூட்டமாம், சடையனின் பேத்தியாகப் போய்ப் பூ வைக்கப் போகிறாயாம். யாரைக் கேட்டு ஒப்புக்கொண்டாய்? மலேயாவில் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்மரம் சீவப் போன என் அப்பாவை ஜப்பான் ராணுவம் பிடித்துப்போய், காட்டில் தண்டவாளம் போட வைத்தே கொன்றது. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. செத்துவிட்டார் என்று ஒரு வரி எழுத எந்த அரசாங்கத்துக்கும் மனசு வரவில்லை. ஜப்பான்காரன், வெள்ளைக்காரன், நம்மாள், ஒருத்தனுக்கும் இல்லை. என் அம்மா தங்கம்மாள் சாகும்வரை தாலியோடு இருந்தாள். சுமங்கலி என்று ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஆரத்தி எடுக்கக் கூப்பிடுவார்கள். "எங்க வூட்டுக்காரரு வந்துடுவாரு"ன்னு சொல்லிக்கொண்டே எடுப்பாள். பூவாம் பூ!

போகாதே.

அப்பா,
தருமன்

நகோயா,
30.7.2025

அன்புள்ள நைனாவுக்கு,

கோபித்துக்கொள்ளுங்கள், பதினைந்தாம் தேதி நான் போகத்தான் போகிறேன். ஆசியா முழுவதற்கும் வருத்தம் தெரிவித்துவிட்டோம் என்கிறது இவர்கள் அரசு. அதற்கு மேல் ஜாஸ்தியாக ஒன்றும் வராது. இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர்கள் சாதாரண ஜனங்கள். நானும் போகாவிட்டால் தாத்தா பெயரை அங்கே சொல்ல ஆள் ஏது? மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
நந்தினி

வேங்கிக்கால்,
7.8.2025

நந்தினி,

ஓட்டுக் கேட்க வருகிறவன் வேனில் நின்று தெருவுக்கே பொதுவாக ஒரு கும்பிடு போடுவான் பார், அந்த மாதிரி இருக்கிறது இவர்கள் வருத்தம். அதில் என் அப்பா எங்கே? பூ வைத்தாயானால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

தருமன்

நகோயா,
17.8.2025

நைனா,

நான் பூ வைக்கவில்லை. மேடையில் ஒரு பெரிய மனிதர் "அது துரதிர்ஷ்டமான காலம்" என்றார். காலமா கொன்றது? பூவை நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பின்னாலேயே ஒரு கிழவி வந்தார். பெயர் ஹிசாகோ. அவருடைய அப்பா அந்தப் பாதையில் காவல் சிப்பாயாம். "உங்கள் ஆட்களை அவர் அடித்தார். நடக்க முடியாதவர்களைக் காட்டிலேயே சாக விட்டார். வெளியே சொல்லாதே என்று என் வீட்டில் வாயை அடைத்தார்கள்" என்றார். திருவண்ணாமலைக்கு, நம் வேங்கிக்காலுக்கே வந்து இதை உங்களிடமே சொல்ல வேண்டுமாம். என்ன பதில் சொல்லட்டும்?

நந்தினி

வேங்கிக்கால்,
28.8.2025

அன்பு மகள் நந்தினிக்கு,

பூ வைக்காமல் வந்தாயே, அதுவரைக்கும் சந்தோஷம்.

அந்த அம்மாவை மகாளய அமாவாசைக்கு வரச் சொல். செத்த நாள் தெரியாத மனுஷனுக்கு அன்றைக்குத்தான் படைக்கிறேன். அப்பன் செய்ததை அவள் இலைக்கு முன்னால் நின்று சொல்லட்டும். சாப்பிட்டுவிட்டும் போகட்டும். ஆனால் மன்னித்தேன் என்று என் வாயிலிருந்து வராது. தள்ளாத கிழவி தானாகக் கிளம்பி வருகிறாள், அவள் அரசாங்கம் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அவள் ஜப்பான் பாஷையிலேயே சொல்லட்டும். அடி வாங்கிக்கொண்டே கேட்ட பாஷை, என் அப்பாவுக்குப் புரியும். எனக்குத்தான் புரியாது. நீயும் கூட வா.

அப்பா,
தருமன்