ஊதினால் எரியும் விளக்கு

ஏப்ரல் 9, வெள்ளி, 1999

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் விடைத்தாள், இரண்டு கட்டு. இன்னும் பிரிக்கவே இல்லை.

மதியம் பள்ளியிலிருந்து வந்தால் வீட்டுக்காரர் தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. காலையில் உடம்பு துடைத்துவிட்டதும் குளிர்கிறது என்றார், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனேன். எதிர்வீட்டு மல்லிகா இடையில் வந்து போடுவதாகப் பேச்சு. ரேஷன் கடையில் வரிசை, மாட்டிக்கொண்டாள். மூன்று மணி நேரம் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே.

"கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"கூப்ட்டா யாருக்குக் கேக்கும்?"

அதுவும் சரிதான். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு அவர் ஓட்டிய வேன் கவிழ்ந்து இந்தச் சித்திரையோடு இரண்டு வருடம். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. குரலும் பாதி போய்விட்டது, கட்டில் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். ஸ்விட்ச் அவர் தலைக்கு நேர் மேலே, இரண்டு முழ உயரத்தில்.

சாயங்காலம் பள்ளி நூலகத்தில் பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளைப் புரட்டினேன். கைதட்டினால் எரியும் விளக்கு, வீட்டிலேயே செய்யலாமாம். படம் புரிந்தது. இத்தனை வருடமாக டிரான்சிஸ்டர் பாடம் எடுக்கிறேன். ஒரு டிரான்சிஸ்டரைக் கையில் தொட்டதில்லை.

கைதட்ட வேண்டாம். சத்தம் போட்டால் போதும்.

ஏப்ரல் 11, ஞாயிறு

தேரடித் தெருவுக்குப் பின்னால் அன்வர் பாய் கடை. டி.வி., டேப் ரிப்பேர், உதிரி சாமான்.

மைக் 1
BC547 டிரான்சிஸ்டர் – 4 (கெடுத்துவிடுவேன் என்று அவரே இரண்டு சேர்த்துப் போட்டார்)
4017 ஐ.சி. 1 (எண்ணுகிற சில்லு)
12 வோல்ட் ரிலே 2
டிரான்ஸ்பார்மர், டையோடு, சால்ட்ரிங் அயர்ன், ஈயக் கம்பி

"பசங்க புராஜெக்டா டீச்சர்?"

வீட்டுக்காரருக்கு என்றேன். சாமான்களை மறுபடி ஒருமுறை சரிபார்த்தார். பிறகு ரிலேவை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "கட்டில்கிட்ட பன்னெண்டு வோல்ட்டுக்கு மேல ஒரு ஒயரும் போவக் கூடாது. வீட்டு கரெண்ட்டு வேற பக்கம், இது வேற பக்கம். நடுவுல இதான் செவுரு. கடைசி கனெக்ஷன் குடுக்கறப்ப என்ன கூப்புடுங்க, நான் வந்து பாக்கறேன்."

சின்னக் குழந்தையின் விரல் அளவு கூட இல்லை அந்த ஐ.சி. பதினாறு கால். பூரான் மாதிரி.

ஏப்ரல் 18, ஞாயிறு

இடது கை ஆள்காட்டி விரலில் கொப்புளம். விடைத்தாள் பாக்கி. குழம்பு அடிப்பிடித்தது.

மூன்று டிரான்சிஸ்டர் போயிற்று. நாலாவது, மதியம், சமையலறை மேடையில். "ஹா" என்றேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி "ஹா". அணைந்தது.

உட்கார்ந்துவிட்டேன். கரும்பலகையில் வரைந்து வரைந்து சுண்ணாம்பாய்ப் போன அந்தப் படம் உண்மை! நான் பசங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய்யில்லை. மண்ணிலிருந்து எடுத்த ஒரு சிட்டிகைச் சிலிக்கான், நான் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்து நான் பேசும்வரை அப்படியே இருக்கிறது. மேடையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 20, செவ்வாய்

மாட்டியாயிற்று. அன்வர் பாய் வந்து ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தார். சர்க்கரை போடாத டீ குடித்தார். போய்விட்டார்.

அதன் பிறகு நடந்தது:

குக்கர் விசில் – விசிறி ஓடியது.
மல்லிகா வாசலில் குடத்தை வைத்தாள் – நின்றது.
பஸ் ஹாரன் – ஓடியது.
நாய் – நின்றது.
அவர் – ஒன்றுமில்லை.

மைக்கைத் தலையணை வரை இழுத்து வைத்தேன். நரம்பு புடைக்கக் கூப்பிட்டார். "ஏய்." அசையவில்லை. வெளியே யாரோ வண்டி ஸ்டாண்டு போட்டார்கள், ஓடியது.

"நாய் கொலைச்சா கேக்குது. எனக்குத்தான் கேக்கல."

"திருகி வைக்கறேங்க. கொஞ்சம் ஜாஸ்தி பண்ணா..."

"வேணாம் செல்வி. கழட்டிடு. என்ன வெச்சி வெளையாடாத."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது ஒன்றுதானே அவரால் முடியும். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

ஏப்ரல் 25, ஞாயிறு

நாலு நாளாக "ம்", "வேணாம்" தவிர வேறு பேச்சு கிடையாது. அந்தக் கருவியைக் கழற்றிப் பீரோ மேல் போட்டுவிட்டேன். விடைத்தாள் முடிந்தது. மனசே சரியில்லை.

இன்று இட்லி ஊட்டும்போது அவர் மேலுதட்டில் ஓர் ஈ. என் ஒரு கையில் தட்டு, மறு கை விரலெல்லாம் சட்னி. நான் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவரே உதட்டைக் கோணி ஒரு ஊது ஊதினார். ஈ பறந்தது. மறுபடி வந்தது. மறுபடி ஊதினார். என் நெற்றியில் தொங்கிய முடி அசைந்தது.

இட்லித் தட்டோடு அப்படியே நின்றேன்.

"இன்னா?"

"ஏங்க, இன்னொரு வாட்டி ஊதுங்க."

"ஈ பூடுச்சி."

"பரவால்ல. என் கை மேல ஊதுங்க."

என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஊதினார். உள்ளங்கையில் சில்லென்று பட்டது. குரல்தான் போயிருக்கிறது, மூச்சு இருக்கிறது.

மே 2, ஞாயிறு

மைக்குக்குப் பதில், போட்டோ ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிய காலி ஃபிலிம் டப்பா. அதன் வாயில் இழுத்துக் கட்டிய பலூன் தோல். பக்கத்தில் துளை போட்டு, குளுக்கோஸ் ஏற்றும் டியூப். ஊதினால் தோல் உப்பும், மேலே ஒட்டிய செப்புத் தகட்டைத் தூக்கும், அது இன்னொரு தகட்டைத் தொடும். அவ்வளவுதான். திருவிழாவில் விற்கிற சாமானைவிட எளிது.

ஒன்று ஊதினால் விளக்கு. இரண்டாவது விசிறி. மூன்றாவது இரண்டும். நாலாவது எல்லாம் நிற்கும்.

ஆனால் ஒரு ஊதலுக்கு மூன்று நான்கு என்று தாவுகிறது. தகடு தொடும்போது நடுங்குகிறது, ஐ.சி. அந்த நடுக்கத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத துள்ளல் அதற்குத் தெரிகிறது! கோபம் வர வேண்டும். வரவில்லை. எவ்வளவு நுணுக்கமான காது.

அன்வர் பாய்: "நடுவுல ஒரு 555 ஐ.சி. போடுங்க டீச்சர். மொதல் தட்ட மட்டும் கேட்டுக்கினு மத்தத விட்டுடும்."

கட்டிலில் அவர் கழுத்தைத் திருப்பி மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஈயம் வைக்கும்போது, "அங்க பொகையுது" என்றார்.

மே 6, வியாழன்

கத்திரி வெயில். தார் உருகி ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது.

பழைய மேஜை விளக்கின் வளையும் தண்டை அறுத்துக் கட்டிலில் கட்டி, டியூபை அவர் உதட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அன்வர் பாய் கடைசி ஒயரை முடுக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். மல்லிகா வாசற்படியில்.

அவர் டியூபைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பார்க்க முடியாமல் நான் ஜன்னலைப் பார்த்தேன்.

டக்.

ரிலே விழுகிற சத்தம். சின்னச் சத்தம், நகம் வெட்டுவது போல. விளக்கு எரிந்தது.

டக். விசிறி மெதுவாகக் கிளம்பியது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு காற்று. அவர் நெற்றியில் முடி பறந்தது. டக். டக். எல்லாம் நின்றது. மறுபடி விளக்கு. மறுபடி விசிறி. நிறுத்தவே இல்லை.

மல்லிகா மாரில் கை வைத்துக்கொண்டாள். "அம்மாடி. மந்திரம் போட்ட மாதிரி இருக்குதுக்கா."

மந்திரம் இல்லை. ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும், நான்தான் வைத்தேன். தெரிந்த பிறகும் உடம்பு சிலிர்க்கிறது. ஒரு மூச்சு. ஈயை விரட்டுகிற அளவு மூச்சு. அது போய் அந்தப் பெரிய விசிறியைப் புரட்டுகிறது. அவர் நெஞ்சுக்குள்ளிருந்து உத்தரம் வரைக்கும் ஒரு வழி திறந்த மாதிரி.

அன்வர் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடையில் ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு அவர் கேட்டது: "கரெண்ட் போய் வந்தா?"

"மொதல்லேர்ந்து ஊதணும்."

"ஊதிக்கறேன்."

மே 16, ஞாயிறு

டியூப் கழுவ வேண்டும், உள்ளே ஈரம் கட்டுகிறது. வெந்நீர் போதும்.

அவருடைய பெரியப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம். கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தார். "எப்படி இருந்த புள்ள. ஸ்டேரிங்க புடிச்சா புலி மாதிரி. இப்ப மொகத்துல ஈ ஒக்காந்தாகூட தொரத்த நாதியில்ல. செல்வி, உன் தலையெழுத்தும் இப்படி ஆயிடுச்சே." அரை மணி நேரம் இதேதான். நான் சமையலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயம் அரிந்தேன்.

பேச்சு நின்றது. "இன்னாம்மா, கரெண்ட்டு பூடுச்சா?"

"தெரியலயே மாமா" என்றேன் சமையலறையிலிருந்தே.

துண்டால் விசிறிப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. "அப்பப்பா, இன்னா வேக்காடு. மூணு மணி பஸ்ஸயாவது புடிக்கறேன்" என்று எழுந்தார்.

வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தேன். சமையலறை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கரெண்ட் எங்கே போனது?

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். டியூப் அவர் உதட்டில். கண் என் மேல்.

"நீங்களா?"

"ரொம்ப நேரமா பேசினு இருந்தாரு."

சிரித்தார். சத்தமில்லாமல், தோள் ஆடாமல், கண்ணும் வாயும் மட்டும் சிரிக்கிற சிரிப்பு. வேன் கவிழ்ந்த பிறகு இதுதான் முதல். நான் வெங்காயக் கையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணெல்லாம் எரிந்தது. இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது, விசிறியைப் போட மறந்துவிட்டோம்.

நான் செய்தது அவருக்குக் காற்று வருவதற்காக. பெரியவர் ஒருவரை எழுப்பி அனுப்பவும் முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஜூன் 28, திங்கள்

பௌர்ணமி. ஊர் முழுக்க கிரிவலக் கூட்டம். பன்னிரண்டாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு முடிந்து வெளியே வந்தால் பஸ் நிலையத்தில் நிற்க இடமில்லை, எங்கள் வீடு இருக்கிற வேங்கிக்கால் பக்கம் ஒரு வண்டியும் நகரவில்லை. ஷேர் ஆட்டோவும் இல்லை. மல்லிகா சேத்துப்பட்டில் சீமந்தத்துக்குப் போனாள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன் என்றாள். அவளும் இந்தக் கூட்டத்தில்தான் சிக்கியிருப்பாள். வெளியே பூட்டு. உள்ளே அவர் தனி. நடுவில் கரெண்ட் வேறு போய் வந்தது.

நடக்க ஆரம்பித்தேன். எதிரே வருகிற கூட்டம் முழுக்க மலையைப் பார்த்துக்கொண்டு வருகிறது, நான் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு போகிறேன். கலெக்டர் ஆபீஸ் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. இருட்டில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிற அவர் முகம்தான் கண் முன்னால். கடைசிக் கொஞ்ச தூரம் ஓடினேன், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

தெரு திரும்பினேன். மல்லிகா வீடு இருட்டு. பக்கத்து மனை காலி, அதுவும் இருட்டு.

எங்கள் ஜன்னலில் விளக்கு.

கால் நின்றுவிட்டது. மஞ்சளாக, வாசல் கோலம் வரைக்கும் வெளிச்சம் விழுந்திருந்தது. நான் வேலையிலிருந்து வரும்போது என் வீட்டில் எனக்காக விளக்கு எரிந்து இரண்டு வருடம் ஆகிறது. பின்னால் மலைப் பக்கமிருந்து கூட்டத்தின் சத்தம் கடல் மாதிரி வந்துகொண்டிருந்தது. நான் அந்த ஒரு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ.

மல்லிகா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "இன்னாக்கா தெருவுல நிக்கற? சாவி தொலைஞ்சி பூடுச்சா?"

"இல்ல மல்லிகா. வீட்ல அவரு இருக்காரு."