மேஜைக்கடியில் கட்டிய விசை

முடிச்சூர்,
ஜூலை 6, ஞாயிறு.

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதிலட்சுமி அக்காவின் விரல் போனதற்குக் காரணம் நீதான்.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய ஒன்பது செய்திக்கும் நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய். அதனால் பதிவுத் தபால். டொரண்டோவில் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு வரவில்லை என்று நீ சொல்ல முடியாது.

குடும்ப குரூப்பில், "ஓடுற மெஷின்ல கை வெச்சிட்டாங்க, அன்ஸ்கில்டு லேபர், என்ன பண்றது" என்று போட்டிருந்தாய். மெஷின் ஓடவில்லை அண்ணா. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா நம் ஷெட்டில் முகக்கண்ணாடிக்கான மரச் சட்டங்களுக்கு ஓரம் செதுக்கிக்கொண்டிருந்தார். கரண்ட் போனது. ஓரம் செதுக்குகிற ரவுட்டர் மெஷின் நின்றது. பிட் என்கிற வெட்டுமுனை சுற்றுகிற மேஜைத் துளையில் மரத்தூள் அடைத்திருந்தது. நின்ற மெஷின்தானே என்று விரலை விட்டு வழித்தார். கரண்ட் வந்தது.

அந்த ரவுட்டரின் பிடியில் ஒரு விசை இருக்கிறது. அழுத்திப் பிடித்தால்தான் ஓடும், விட்டால் நின்றுவிடும். வேலை செய்கிறவரின் கையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நீ ரவுட்டரைத் தலைகீழாக மேஜைக்கடியில் மாட்டி, விசை அழுத்தியபடியே இருக்கப் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டினாய். "சிம்பிள் சொல்யூஷன்" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு ஓட்டுவதும் நிறுத்துவதும் சுவர் சுவிட்சில்தான். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அப்பா ஷெட்டின் பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் தண்ணீர்க் கறைக்கு மேலே ஏற்றிவிட்டார். உனக்கு எட்டும். அக்கா பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏற வேண்டும். கரண்ட் போனால் நம் தெருவில் யார் சுவிட்சை அணைக்கிறார்கள்? ஃபேன் சுற்றினால் வந்துவிட்டது என்று தெரியட்டும் என எல்லாவற்றையும் போட்டபடிதான் விடுகிறோம். எங்களுக்கு ஃபேன் சுற்றிய அதே நொடியில் அவர் விரலுக்கடியில் பிட் சுற்றியது.

வலது ஆள்காட்டி விரலில் மேல் இரண்டு கணு இல்லை. நடு விரலில் ஏழு தையல். சத்தம் கேட்டு நான் ஓடியபோது முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் முதலில் சொன்னது இதுதான்: "ஃப்ரேமு வீணாப்பூடுச்சும்மா, ரத்தம் பட்டுகிச்சு. அண்ணனாண்ட சொல்லாத."

அன்ஸ்கில்டு என்றாயே. கோவளம் பக்கம் மீன் விற்ற குடும்பம். நம் பின் போர்ஷனுக்கு வாடகைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஷெட்டில் மரத்தைத் தொட்ட முதல் நாளே, "வஞ்சிரத்துக்கு முள்ளு எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துதான் கத்தி வெப்போம். கட்டைக்கு மட்டும் இன்னா வேற சட்டமா?" என்று கேட்டுவிட்டு, மரத்தின் இழை ஓடும் திசை பார்த்துத் தள்ளியவர். நீ போன பதினான்கு மாதத்தில் உன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விற்பனைக்கு வந்த சட்டம் ஒவ்வொன்றும் அவர் செய்தது. கையால் செய்தவை என்று எழுதுகிறாய். யார் கையால் என்று ஒரு முறையும் எழுதியதில்லை.

இப்போது புது ரவுட்டர் மேஜைக்கு லிங்க் அனுப்பியிருக்கிறாய். அலுமினியத் தட்டு, உயரத்தை எண்ணில் காட்டும் டிஸ்ப்ளே. கூடவே "இனிமே ஸ்கில்டு ஆளா பாரு" என்று ஒரு வரி. விரலைப் பற்றிக் கேட்டால் மேஜையைப் பற்றிப் பேசுகிறாய். சரி, பேசுவோம்.

நேற்று குரோம்பேட்டையில் மர மெஷின் விற்கும் வைத்தீஸ்வரன் சார் கடைக்குப் போனேன். உன் லிங்கைப் பார்த்துவிட்டு, "இது கல்யாண மண்டபம்மா, உங்க ஷெட்டுக்கு எதுக்கு?" என்றார். பலகை தட்டையாக இருக்க வேண்டும், ஸ்கேலை நிறுத்தினால் அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது. மரத்தைச் சாய்த்துத் தள்ளுகிற தடுப்பு நேராக, ஆடாமல் நிற்க வேண்டும். பிட்டுக்கு மேல் கை போகாதபடி ஒரு மூடி. மீதியெல்லாம் ஷோ என்றார். பிறகு பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். கரண்ட் போனால் அது தானே அணைந்துவிடும். திரும்ப வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தாமல் மெஷின் ஓடாது. உன் லிங்கில் அது உண்டா என்று தேடினேன். தனியாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

நம் வீட்டில் விசையைக் கட்டியதைச் சொன்னேன். "பாதிப் பேரு அப்படித்தாம்மா கட்டுறாங்க. கடைக்கு வந்தா விரலத்தான் மொதல்ல எண்ணுவேன்" என்றார். சிரிக்கவில்லை.

அக்கா இன்னும் தன் தப்பு என்றே நம்புகிறார். அவர் வீட்டுக்காரர் பொன்னுரங்கமும் அப்படித்தான் நினைத்துத் தினமும் திட்டுகிறார். அக்காவைக் கூப்பிட்டு, விசையைக் கட்டியது நான் என்று சொல். வேறு எதுவும் கேட்கவில்லை.

நீ நலமா? அங்கேயும் இப்போது வெயில்தானா?

தங்கை,
வெண்ணிலா


முடிச்சூர்,
ஜூலை 27, ஞாயிறு.

அண்ணனுக்கு,

கடிதம் உன் கைக்கு வந்து ஐந்து நாள் ஆனதாக இணையத்தில் காட்டுகிறது. அக்காவின் போன் அடிக்கவில்லை.

போன கடிதத்தில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். நீ கட்டிய கேபிள் டை மார்ச்சில் அறுந்தது. வீடியோ காலில், "இன்னொண்ணு போடு வெண்ணிலா, ரெண்டு செகண்ட் வேலை" என்றாய். போட்டேன். இரண்டு செகண்ட்தான் ஆனது. மேஜைக்கடியில் எனக்கு டார்ச் பிடித்தது அக்கா. அந்தச் செவ்வாய்க்கிழமை விசையில் இருந்தது நான் கட்டியது. எல்லாவற்றையும் உன் தலையில் போட்டபோது எனக்கு இது தெரியும்.

வியாழக்கிழமை அக்காவிடம் சொன்னேன். இடது கையால் மத்தி மீன் அலசிக்கொண்டிருந்தார். அலசுவதை நிறுத்தவில்லை. கடைசியில், "அப்ப அன்னிக்கு நான் டார்ச்சு புட்ச்சிகினு நின்னது என் வெரலுக்குத்தானா?" என்று கேட்டார். "இத்தினி நாளா எங்கூட்டுக்காரரு திட்டிகினு கீறாரு. நானும் ஆமா ஆமான்னு கேட்டுகினு கீறேன்" என்றார். எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "நீயாச்சும் வாயத் தொறந்த. மொதல்ல கட்டுனவரு தொறக்கட்டும். அப்பால நான் மெஷினாண்ட வரேன்."

அப்பாவுக்குத் தெரிந்து கத்தினார். "வாடகைக்கு இருக்கறவங்ககிட்ட எதையும் ஒத்துக்காதே, நாளைக்கு கேஸுன்னு போவாங்க" என்கிறார். உனக்கும் அந்தப் பயம்தான் என்று தெரியும். அக்கா கேஸ் போடவில்லை. போடுங்கள், நான் சாட்சி சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மேஜை வந்துவிட்டது. நீ அனுப்பிய மேஜை இல்லை. இரண்டு பிளைவுட் பலகையை ஒட்டி மேலே லேமினேட் போட்டது, ஸ்கேல் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். கட்ட வேண்டிய விசையே இல்லாத ரவுட்டர். வைத்தீஸ்வரன் சார் காட்டிய அந்தச் சின்னப் பெட்டியின் சிவப்புப் பொத்தானை அக்காவின் முழங்கால் உயரத்தில் வைக்கச் சொன்னேன், இடித்தாலே நிற்கும். எனக்குக் குனிய வேண்டியிருக்கிறது. பரவாயில்லை.

நேற்று மதியம் கரண்ட் போய் வந்தது. ஃபேன் சுற்றியது. மேஜை சும்மா இருந்தது. அக்கா கதவோரம் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

பழைய ரவுட்டரிலிருந்து அறுத்தெடுத்த கேபிள் டையை இந்த உறையில் வைத்திருக்கிறேன். அது என்னுடையது. உன்னுடையது மார்ச்சிலேயே குப்பைக்குப் போய்விட்டது. அதனால் நீ வாயால்தான் சொல்ல வேண்டும். குரூப்பில் எழுதாதே, அவர் குரூப்பில் இல்லை. அவருடைய எண் உன்னிடம் இருக்கிறது. சட்டம் இரண்டு நாள் தாமதமானால் நீ கூப்பிடுகிற அதே எண்.

வெண்ணிலா


முடிச்சூர்,
ஆகஸ்ட் 13, புதன்.

அண்ணா,

இரண்டாவதும் வந்து சேர்ந்துவிட்டது. மேஜை எப்படி இருக்கிறது, போட்டோ அனுப்பு என்று மட்டும் செய்தி போட்டிருக்கிறாய். அனுப்ப மாட்டேன்.

அக்கா வீட்டில் காலி செய்கிறார்கள். கோவளத்துக்கே போகிறார்களாம். யாரும் போகச் சொல்லவில்லை என்று அப்பா மூன்று முறை சொன்னார். இருங்கள் என்று ஒரு முறையும் சொல்லவில்லை. முப்பத்தொன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு டெம்போ வருகிறது. அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார். முடிச்சு அவருக்குச் சரியாக விழவில்லை. நான் கட்டித் தரப் போனேன். "நீ கட்டாதம்மா" என்றார்.

இந்தக் கடிதம் அதற்குள் உனக்குக் கிடைத்துவிடும். அங்கே நீ நலமாக இரு. உன் பத்து விரலும் நன்றாக இருக்கட்டும். அதில் ஏதாவது ஒன்றால் அவர் எண்ணை அழுத்து.

வெண்ணிலா