நாய்க்கு வலப்பக்கம் பாக்கி

என் வீட்டு முடிதிருத்தும் நிபுணருக்கு,

காலை ஷிப்ட், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். சோபாவில் தூங்கும் உங்களை எழுப்பவில்லை. தூக்கத்திலும் முகம் கடுகடுவென்றுதான் இருக்கிறது. சாப்பாடு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது. கோபத்தை அதன்மேல் காட்டாதீர்கள்.

நேற்று நான் சிரித்தது தப்புதான். ஆனால் நம் நாயைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இடது பக்கம் மழித்த ஆடு, வலது பக்கம் கரடி. "அப்ப நீயே வெட்டிக்கோ!" என்று மெஷினைப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நாய் கண்ணாடி முன்னால் நின்று தன்னைப் பார்த்தே குரைக்கிறது.

இன்று வலப்பக்கத்தையும் முடித்துவிடுங்கள். முதலில் சீப்பால் சிக்கெடுங்கள், அப்புறம் மெஷின். நேற்று சிக்கெடுக்காமல் வெட்டியதால்தான் முடி இழுத்து, நாய் கத்தியது. குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு வையுங்கள். நகத்தைத் தொடாதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நாலு மணிக்கு உங்கள் அக்கா வருகிறார். அதற்குள் முடியாவிட்டால், இடது பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி நாயை உட்கார வையுங்கள்.

மறந்துவிட்டேன்: நாய்க்கு நீங்கள் எடுத்தது உங்கள் தாடி மெஷின். கழுவாமல் முகத்தில் வைக்காதீர்கள்.

இன்னொன்று: உங்களுக்கும் பிடரியில் முடி இறங்கிவிட்டது. சாயங்காலம் வழக்கம்போல ஸ்டூலில் வந்து உட்காருங்கள், வெட்டிவிடுகிறேன். பயப்படாதீர்கள், இரண்டு பக்கமும் முடிப்பேன். பாதியில் நிறுத்தப்போவது சண்டையை மட்டும்தான்.