உன் விரலில் எழும்பிய கோடு

நேற்று தேனாம்பேட்டை ஓட்டல் ஒன்றில் பத்திரிகையாளர் சந்திப்பு. பக்கவாதத்தில் விழுந்த கையை, தசைகளின் மின்துடிப்பைக் கொண்டு அளக்கும் புதிய கருவியை அறிமுகம் செய்தார்கள். ஒருவரின் முன்கையை ஸ்பிரிட்டால் துடைத்து, நடுவில் உலோகப் பொத்தான் வைத்த வெள்ளைப் பட்டைகளை ஒட்டினார்கள். அந்த வாசனை வந்ததும் மேடைப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. உன் கைதான் நினைவில் வந்து நின்றது.

நான் எழுதுவேன், நீ படம் எடுப்பாய். பாலவாக்கம் குப்பத்திலிருந்து ஈரத் தலையோடு வண்டியில் வந்து, மயிலாப்பூரில் என்னை ஏற்றிக்கொள்வாய். உன் கண் கேமராவுக்குள் இருக்கும். பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. அதனால் உன் தோளுக்குப் பின்னால் நின்று, ஆள் திரும்புகிற நொடியில் "ம்" என்பேன். நீ பொத்தானை அமுக்குவாய். அதற்கு மேல் நமக்குள் பேச்சு தேவைப்பட்டதில்லை.

பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து நீ படுத்திருந்த மருத்துவமனையில், பெரிய டாக்டர் உன் கையைத் தூக்கினார், விட்டார். அது மெத்தையில் விழுந்தது. "கை ஜீரோ சார். கால்ல கவனம் வைப்போம்" என்றார். அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை.

பிறகு ஒரு ஆராய்ச்சி மாணவி தன் ஆய்வுக்காக வந்து பட்டைகளை ஒட்டினாள். "விரலை மடக்குங்கண்ணா" என்றாள். உனக்கு வியர்த்தது. கருவியின் திரையில் கோடு படுத்தே கிடந்தது.

"இன்னா நைனா, செத்த மீனு கணக்கா கீது" என்று குழறிச் சிரித்தாய்.

உன் தலைமாட்டில் நின்றிருந்த நான், பழக்கத்தில், "ம்" என்றேன்.

விரல் அசையவில்லை. கோடு குதித்தது.

"என்ன சார் சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க!" என்றாள் அந்தப் பெண். சொன்னேன். மறுபடி குதித்தது.

"உள்ள கீது நைனா! பாத்துக்கினியா? உள்ள கீது!"

மூளையின் கட்டளை தசைக்கு வருகிறது, அசைக்கத்தான் பலம் போதவில்லை என்று அவள் விளக்கினாள். கை திரும்பிவிடும் என்று அவள் சொல்லவில்லை. நானும் அப்படி எழுதமாட்டேன். பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்றாள். அதை டாக்டரிடம் சொன்னேன்.

"கோடு அசைஞ்சு என்ன சார் பிரயோஜனம்? கை அசையணுமே."

அசையவில்லை என்பது ஒரு செய்தி. உயிரில்லை என்பது வேறு செய்தி. முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதை நான் எழுதியிருந்தால் வேலையை விட்டுத் துரத்தியிருப்பார்கள். அவர் அதைச் செய்தார், எல்லாரும் எழுந்து நின்று வணங்கினார்கள். உன் காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், கைக்குக் கொடுக்கவில்லை. அந்தக் கருவியையாவது இன்னொரு முறை வைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். ஆய்வு முடிந்துவிட்டதாம், கருவியைக் கொண்டுபோய்விட்டார்களாம். உன் கை அவர்களுக்குத் தேவைப்பட்டது. உனக்குத் தேவைப்பட்டது யாருக்கும் பொருட்டாக இல்லை.

"கைய மூட்ட கட்டி அனுப்சிட்டானுங்க" என்றாய், கழுத்தில் தொங்கிய துணியைக் காட்டி. ஒவ்வொரு முறை நான் உன் வீட்டுக்கு வரும்போதும் விரல்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே மடங்கி இறுகியிருக்கும். "ம் சொல்லு நைனா" என்பாய். சொல்வேன். இருவரும் விரலையே பார்ப்போம். உள்ளே கோடு எழும்பியதா இல்லையா, பார்க்க அங்கே திரை இல்லை. இரண்டாவது தாக்குதல் உன்னைக் கொண்டுபோகும் வரை நீ கேட்பதை நிறுத்தவில்லை.

நேற்று எழுந்து கேட்டேன்: "அளந்து முடித்த பிறகு அந்தக் கைக்கு என்ன செய்வீர்கள்?"

மேடையில் இருந்தவர் சிரித்தார். "நல்ல கேள்வி சார். இன்னைக்கு கருவியைப் பத்தி மட்டும் பேசலாமே."

மைக்கை வாங்கிக்கொண்டார்கள். நான் உட்காரவில்லை. மைக் இல்லாமல், சத்தமாக, மறுபடி கேட்டேன். அவர் சிரிப்பு கலைந்து, முகம் என் பக்கம் திரும்பியது.

"ம்" என்றேன்.

முன்னால் கேமராவோடு நின்றிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அமுக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?