நடு வேலியில் நீ வைத்த எருக்கு

இன்று காலை எருக்கங்காய் வெடித்து, கொடியில் காயப்போட்ட என் புடவையெல்லாம் பஞ்சு. தட்டிவிடும்போது உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது.

அந்தப் புயலில் ஏரியின் உப்புத்தண்ணீர் அடுத்தடுத்து இருந்த நம் இருவர் வீட்டுக்குள்ளும் வந்து வடிந்தபின், வாசலில் ரோஜா, மல்லி எதுவும் மிஞ்சவில்லை. நான் மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ கரைமேட்டிலிருந்து நாலு எருக்கங்குச்சியை ஒடித்துவந்து நடு வேலியில் ஊன்றினாய்.

"உப்பு மண்ணுல தானா வர்றத வெச்சாதாண்டி பூ பாக்கலாம்."

மறு வருஷமே நம் தலைக்கு மேல் நின்றது. ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துவிட்டு வந்து ஈரப்புடவையோடு இலைகளைத் திருப்பிப் பார்ப்பாய். மஞ்சளும் கறுப்புமாய் வரிபோட்ட புழுக்கள் எனக்கு அருவருப்பு; உனக்கு வீட்டுக்கு ஆள் வந்த சந்தோஷம். அவை ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிகளாய்ப் பறந்த நாட்களில் எனக்கும்தான்.

என் மகளைப் பெண் பார்க்க ஆரம்பாக்கத்திலிருந்து வருவதாக இருந்த அன்று, நீ ஏரிக்குப் போன நேரம் பார்த்துக் கத்தியை எடுத்தேன். எருக்கு நிற்கும் வீடு விளங்காது என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். நாலையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்த்தேன்.

நீ வந்து நின்றாய். "இன்னாடி பண்ணிட்ட?"

"பொண்ணு பாக்க வராங்க. சகுனம் பாப்பாங்கனு..."

"சரி. இதுங்க இன்னா பண்ணும்?"

சாய்ந்த இலைகளிலிருந்து புழுக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, இறால் போடும் பறிக்கூடையில் போட்டுக் கரைமேட்டு எருக்குக்குக் கொண்டுபோனாய். சாயங்காலம் நல்ல புடவை கட்டிவந்து விருந்தாளிகளுக்குக் காபி கொடுத்தாய். அவர்கள் வேலிப்பக்கம் திரும்பக்கூட இல்லை. கல்யாணம் முடிவானது. என்னால்தான் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மழைக்குப் பின் வெட்டிய கட்டைகள் தளிர்விட்டபோது கேட்டேன், கோபமா என்று.

"இருந்துச்சி. தளிரப் பாத்தேன், போச்சி."

நீ போனபின் உன் மகன் வேலியை எடுத்துவிட்டு சிமெண்டுச் சுவர் வைக்க வந்தான். குறுக்கே நின்றேன். "இது உங்கம்மா வெச்சதுடா. ஒரு தபா நான் வெட்டினேன், அதுவே போதும்" என்றேன். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

போன வாரம் மூன்றாம் வீட்டு மருமகள் வந்தாள். பொன்னேரியில் வாங்கிய பூச்செடியெல்லாம் பட்டுப்போய்விட்டதாம். எருக்கங்குச்சி ஒடித்துக் கொடுத்தேன்.

"வீட்டுக்கு ஆகாதுன்றாங்களே அத்தை?"

"யாரு சொன்னது? என் வீட்டுல பேரப்புள்ள ஓடுது பாரு."

அவள் குச்சியை முந்தானைக்குள் மறைத்தாள். "வெளிய தெரியறா மாதிரி எடுத்துட்டுப் போ" என்றேன். என் குரலில் எனக்கே உன் குரல் கேட்டது.