ஐஸ் கச்சாங்கைப் பனி என்று நம்பியது

எப்போதும் எனக்காகப் பேசிய அம்மாவுக்கு,

உன் முதல் வருடத் திதி நேற்று நல்லபடியாக முடிந்தது. படையலில் உனக்குப் பிடித்த, சீவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங்கும் இருந்தது. பாக்கார் ஆராங்கில் நம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. வெளியே வந்தால், "பனிய அளக்குற புள்ள எங்க?" என்பார்கள். பதில் சொல்ல நீ இல்லையே.

செயற்கைக்கோள் வழியாகப் பனியின் ஆழத்தை அளக்கும் ஆராய்ச்சியில் நான் சேர்ந்த புதிதில், பனி எப்படி இருக்கும் என்று நீ கேட்டபோது, "ஐஸ் கச்சாங் மாதிரிதாம்மா" என்றேன். நீ வேலைக்குப் போகும் கூலிம் ஃபேக்டரி பஸ்ஸில் எல்லோரிடமும் அதைச் சொன்னாயாம். நானும் அப்படித்தான் நம்பியிருக்கிறேன். அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

தரையிலிருந்து நுண்ணலை எப்போதும் மெல்லக் கிளம்பிக்கொண்டே இருக்கும். மேலே கிடக்கும் பனியின் மணிகள் அதைச் சிதறடிக்கும். செயற்கைக்கோளுக்கு வந்து சேர்வது குறையக் குறைய, பனி அதிகம் என்று கணக்கு. ஆனால் மணி பெருத்தாலும் சிதறல் கூடும். நானோ மேலிருந்து அடிவரை ஒரே பொடி மணி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். முழங்கால் அளவுப் பனி என் வரைபடத்தில் இடுப்பளவு ஏறிவிட்டது.

போன வாரம் இணையக் கூட்டத்தில், பனி பெய்யும் ஊர்க்காரப் பெண் ஒருத்தி மரியாதையாகத்தான் கேட்டாள்: "நாளாக ஆக அடியில் மணி பெருத்துவிடுமே, தோண்டிப் பார்த்ததில்லையா?" நான் கேமராவை அணைத்துவிட்டேன். லைன் போய்விட்டது என்று எழுதினேன். "அடுத்த கூட்டத்தில் உனக்குப் பதில் நான் பேசட்டுமா?" என்று என் பேராசிரியர் என்னிடம் கேட்டிருக்கிறார். சரி என்றுவிட்டால் எவ்வளவு சுலபம்.

நேற்று படையல் எடுத்த பிறகு பெரியம்மா ஐஸ் கச்சாங் கிண்ணத்தோடு அடுப்படிக்கு வந்தார். காலையில் கடை திறக்காது என்று, சீவிய ஐஸை முந்தின நாளே வாங்கி ஃப்ரீசரில் வைத்திருந்தாராம்.

"என்னடி இது, பூ மாதிரி இருந்துச்சு. இப்ப கல்லு கல்லா கெடக்கு."

"வச்சிருந்தா அப்படித்தான் பெரிம்மா. மணி ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருத்துரும்."

"தெரிஞ்சவ நேத்தே சொல்லியிருக்கலாம் லா. வாயத் தொறந்தா முத்து கொட்டிருமா?"

கூடத்தில் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பாடத்தில் படித்ததுதான், அம்மா. ஆனாலும் பனி என்றதும் என் கண்ணில் நின்றது பாசார் மாலம் இரவுச் சந்தையில் அப்போதே சீவித் தரும் ஐஸ் கிண்ணம்தான்.

அந்த பஸ்ஸில் நீ சொன்னதை இனி யார் போய்த் திருத்துவது?

நானே பேசுகிறேன் என்று பேராசிரியருக்கு இன்று எழுதிவிட்டேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும், கேமராவை அணைக்க மாட்டேன். பனியை நான் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் வந்த தவறு இது என்றுதான் தொடங்குவேன். உனக்குச் சத்தியம்.

இத்தனை நாள் உன் வாயால் பேசிய,
உன் மகள்