இரண்டாவது நாற்காலி

அல் குசைஸ், துபாய்
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், அவருக்குள்ளே இருக்கும் என் வள்ளிக்கும்,

நான் நலம். நீயும் குழந்தை அகிலாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறானே என்று பார்க்காதே. உன் போன் இப்போது உன்னுடையதாக இல்லை. நாம் பேசும்போதே பின்னால் ஒருவர் மோட்டார் ஓடவில்லை என்கிறார், இன்னொருவர் தெருவிளக்கு என்கிறார். எங்கள் கேம்ப் ராஜிக் பாய் நாளை லீவில் ஊருக்குப் போகிறார். சென்னையில் இறங்கியதும் இதைத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

உடையப்பன் சித்தப்பா எனக்குப் போன் செய்தார். முதலில் என் உடம்பைப் பற்றி விசாரித்தார், அப்போதே எனக்குச் சந்தேகம். தேர்தல் வருகிறது, விசாவை கேன்சல் போட்டுவிட்டு வந்துவிடு என்றார். மருமகளே மறுபடி நிற்கட்டும், பேர் அவள் பேராக இருக்கட்டும், ஆபீஸை நீ பார்த்துக்கொள் என்றார். வராவிட்டால் பங்காளிகளில் ஒருவர்கூட அவளுக்கு ஓட்டுப் போடமாட்டாராம். பொம்பளை ஊரை ஆள, ஆம்பிளை பாலைவனத்தில் மண் தின்ன, இது என்னடா குடும்பம் என்றும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நேற்று உன் வாய்ஸ் நோட் வந்தது. உன்னிடமும் அவர் இதையே பேசியிருக்கிறார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், நிற்பதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க என்றாய். இந்த ஐந்து வருஷத்தில் நீ அப்படி என்னைக் கேட்டதே இல்லை. சித்தப்பா பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. உன் குரல்தான் பயத்தைத் தந்தது.

உன்னை அவர்கள் எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று உனக்கும் தெரியும். பதவி பெண்களுக்கு என்று ஆனதும் சித்தப்பாவால் நிற்க முடியவில்லை. வீட்டில் ஒரு மருமகள் இருக்கிறாள், கையெழுத்துப் போடப் படித்தவள், அதிகம் பேசாதவள், புருஷன் துபாயில். மூன்றுமே அவருக்கு வசதி. நீ பதவியேற்ற அன்றே உன் நாற்காலிக்குப் பக்கத்தில் தனக்கு ஒன்று போட்டுக்கொண்டார். கைப்பிடி வைத்தது, உன்னுடையதைவிட உயரம். மறுநாள் அதைத் தூக்கி வராந்தாவில் வைத்தாய். மனு கொடுக்க வருகிறவர்கள் நிற்கிறார்களே மாமா, அவர்கள் உட்காரட்டும் என்றாயாம். முதலில் அதில் உட்கார்ந்தது காலனி பானுமதி அக்கா. அதற்கப்புறம் சித்தப்பா அந்த நாற்காலியைத் தொடவே இல்லை. அசிங்கம் யாரிடம் இருக்கிறது என்று நான் எழுதத் தேவையில்லை.

கிராமசபையைக் கோயில் வாசலிலிருந்து காலனிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினாயே, அதை நான் இங்கே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா. கோயில் வாசலில் கூட்டம் என்றால் காலனிக்காரர்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். நீ மாற்றியதும் நம் தெருவில் ஒருவர்கூட வரவில்லை. ஆள் போதாமல் கூட்டம் தள்ளிப்போனது. நீ மறுபடியும் அங்கேயே போட்டாய். குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் என்று அங்கேதான் முடிவாகும் என்று தண்டோரா போட்டதும் எல்லோரும் செருப்பு மாட்டாமல் ஓடிவந்தார்கள். கை தூக்கி எண்ணியதில் காலனிக்குத்தான் முதலில் என்று ஆனது. நம் வீட்டுக்குக் கடைசியில் வந்தது. அம்மா எனக்குப் போன் போட்டு, ஊருக்கெல்லாம் ஊற்றுகிறாள், சொந்த மாமியாரைக் குடத்தோடு அலையவிடுகிறாள் என்று அழுதாள். அம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன். போனை வைத்துவிட்டுச் சிரித்தேன்.

இங்கே கூட வேலை பார்க்கும் அருள்ராஜ் என்னைப் பிரசிடெண்ட் வீட்டுக்காரரே என்றுதான் கூப்பிடுகிறான். கேம்ப்பில் தண்ணீர் நின்றால், வீட்டம்மாவுக்கு ஒரு போன் போடுங்க, இங்கேயும் ஒரு கிளை திறக்கட்டும் என்கிறான். எங்கள் ரூமில் என்ன சமைப்பது என்று சேதுராமன் அண்ணன் ஒருவரே முடிவு செய்வார். உன்னைப் பார்த்து நானும் கை தூக்கச் சொன்னேன். லீவு நாளில் மீன் என்பது என் தீர்மானம். தோற்றுவிட்டது. பாகற்காய் ஜெயித்தது. சேதுராமன் அண்ணன் எனக்கு மட்டும் இரண்டு கரண்டி அதிகம் போட்டு, ஜனநாயகம் கசக்கும் தம்பி, சாப்பிடு என்றார்.

இந்த நாட்டில் எங்களுக்கு ஓட்டு இல்லை. அதைக் கேட்டு நாங்கள் வரவும் இல்லை, சம்பாதிக்க வந்தோம். ஆனால் ஓட்டு இருக்கிற நம் ஊரில் நாலு பேர் கோயில் வாசலில் வெற்றிலை மென்றுகொண்டே யார் தலைவர் என்று பேசி முடிக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வரவேண்டும் என்று ஆசை இல்லாமல் இல்லை. சைட்டில் ஏசி டக்ட் மாட்ட ஏணியில் நிற்கும்போதுகூட அகிலாவின் நினைப்புதான். ஆனால் நான் வந்து இறங்கிய மறுநாள் அந்த நாற்காலி உள்ளே வந்துவிடும். நான் போடமாட்டேன், ஊர் போடும். மனு கொண்டுவருகிறவன் உன்னைத் தாண்டி என் முகத்தைப் பார்ப்பான். யூனியன் ஆபீஸில் உன்னை நிற்கவைத்துவிட்டு என்னை உட்காருங்க சார் என்பார்கள். கெட்ட புருஷன் உட்கார்ந்தால் நாலு பேராவது கேட்பார்கள். நல்லவன் உட்கார்ந்தால் ஒருவனும் கேட்கமாட்டான். நான் நல்லவன் வள்ளி, அதனால்தான் பயப்படுகிறேன்.

அதனால் இன்று காலை சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். கேன்சல் இல்லை. லீவும் தேர்தல் முடிந்த பிறகுதான். பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்றார். ஊருக்கே தலைவர், நானும் ஊர்க்காரன்தானே என்றேன். வைத்துவிட்டார். பங்காளிகள் ஓட்டு இனி உனக்குச் சந்தேகம்தான். என் ஓட்டும் கிடைக்காது.

நிற்பதா வேண்டாமா என்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன். களைப்பாக இருந்தால் விட்டுவிடு, அப்போதும் உன் பக்கம்தான் இருப்பேன். ஆனால் அதை நீ முடிவு செய். எனக்கு வாய்ஸ் நோட்டில் தெரிவித்தால் போதும்.

நிற்காவிட்டாலும் தோற்றாலும் நேராக வீட்டுக்கு வருகிறேன். ஜெயித்தால் பெட்டியோடு நேராக உன் ஆபீஸுக்கு வருகிறேன். அந்த நாற்காலி வராந்தாவிலேயே இருக்கட்டும். வயசானவர் யாராவது உட்கார்ந்திருந்தால் நான் வரிசையில் நிற்கிறேன். என் முறை வரும்போது கூப்பிடு. என்னிடமும் ஒரு மனு இருக்கிறது.

இப்படிக்கு,
மனுதாரர்
பாலகுரு